கடலோரப் பெருநகரில் ஓய்வு விடுமுறை: அறையை எந்தப் பகுதியில் எடுப்பது?

பெருநகரத்தையும் கடலையும் ஒரே விடுமுறையில் அனுபவிக்க விரும்புவோர் பெரும்பாலும் எந்த நகரத்துக்குப் போவது என்பதைப் பற்றி வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். அந்த நகரத்தின் எந்தப் பகுதியில் தங்குவது என்பதையோ வாடகையை மட்டும் பார்த்து ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். சிறிய கடலோர ஊராக இருந்தால் இதனால் பெரிய இழப்பு இல்லை. எந்த விடுதியில் தங்கினாலும் கடல் நடைதூரத்திலேயே இருக்கும். ஆனால் பல இலட்சம் பேர் வாழும் நகரத்தில், தங்குமிடத்தின் இருப்பிடம்தான் காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், மதியம் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் உறங்க முடியுமா, மாலையில் மறுபடி கடலுக்குப் போக மனம் வருமா என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ஓய்வுக்காகப் போகும் விடுமுறையில் இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் முன்னே இருக்கும் வழிகள் நான்கு. கடலை நேராகப் பார்த்திருக்கும் முகப்புத் தெருவில் தங்கலாம். அருங்காட்சியகங்களும் ரயில் நிலையங்களும் சூழ்ந்த நகர மையத்தில் தங்கலாம். கடலிலிருந்து நான்கைந்து தெருக்கள் உள்ளே தள்ளி, உள்ளூர் மக்கள் குடியிருக்கும் பகுதியில் தங்கலாம். அல்லது நாட்களைப் பிரித்து, சில இரவுகளை மையத்திலும் மீதியைக் கடலோரத்திலும் கழிக்கலாம்.

இவற்றை எடைபோடுவதற்கு முன், கடலுக்கு அருகில் இருப்பதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காட்சி கிடைக்கிறது என்பார்கள். அதைவிட முக்கியமானது, கடலுக்கு ஒரே நாளில் இருமுறை போக முடிகிறது என்பது. கடற்கரை முக்கால் மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தால், துண்டு, மாற்றுடை, குடிநீர், குழந்தைகளின் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்வோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில் மாலை நான்கு வரை அங்கேயே இருப்போம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மிகக் கடுமையாக இருக்கும் நேரம் அதுவேதான். குடையின் கீழ் அமர்ந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. உலர்ந்த மணல் அந்தக் கதிர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், கடல் நுரை ஏறத்தாழ 25 சதவீதத்தையும் திருப்பி வீசுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இப்படி ஒரு நாள் கழிந்தால் மறுநாள் தோல் எரிச்சலுடன் அறையில் கிடக்க நேரும்.

கடல் பத்து நிமிட நடையில் இருந்தால் நாளின் அமைப்பே மாறிவிடும். விடிந்ததும் ஒரு மணி நேரம் நீந்திவிட்டுத் திரும்பலாம். நடுப்பகலை நிழலில் கழித்து, வெயில் தாழ்ந்த பின் மறுபடி போகலாம். காலை நேரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால், நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. இந்தக் கடற்காற்று பொதுவாக நண்பகலை ஒட்டி எழுந்து பிற்பகலில் வலுப்பெறும். ஆகவே தெளிவான நாட்களில் அதிகாலை நீர் பெரும்பாலும் அமைதியாகவும், பிற்பகல் நீர் சலசலப்புடனும் இருக்கும். அந்த அமைதியான நீர், படுக்கையிலிருந்து எழுந்து நடந்தே கடலை அடையக்கூடியவருக்குத்தான் எளிதாகக் கிடைக்கும்.

அப்படியானால் எல்லோரும் கடற்கரையிலேயே தங்கிவிடலாமே என்றால், அதற்கு நகரத்தின் வடிவம் இடம் தர வேண்டும். கடலோரப் பெருநகரங்களை இரண்டு வகையாகப் பார்க்கலாம். முதல் வகையில் கடற்கரை நகரத்தின் உடலோடு ஒட்டியிருக்கும். ரியோ டி ஜெனிரோவில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் கோபகபானா கடற்கரைக்குப் பின்னாலேயே அடர்ந்த குடியிருப்பும் மெட்ரோ நிலையங்களும் உள்ளன. அதே மெட்ரோ அடுத்திருக்கும் இபனேமாவுக்கும் போகிறது. பார்சலோனாவில் தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் மறைத்துக் கிடந்த கரை, 1992 ஒலிம்பிக் போட்டிக்காகச் சீரமைக்கப்பட்டு மணற்கரையாக மாறியது. பழைய நகரத்திலிருந்து கடற்கரைப் பகுதியான பார்சலோனெட்டாவுக்கு நடந்தே போய்விடலாம். இத்தகைய நகரங்களில் மையமா, கடலா என்ற கேள்வி அவ்வளவு கடுமையானது அல்ல. எங்கே தங்கினாலும் மற்றது எட்டும் தூரத்தில் இருக்கும்.

இரண்டாம் வகையில் நகர மையம் ஓரிடத்திலும் நீந்தத் தகுந்த கடற்கரை வேறிடத்திலும் இருக்கும். லிஸ்பன், லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி, சிட்னி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கே கிலோமீட்டர்க் கணக்கைவிட, எந்த வாகனத்தில், எத்தனை முறை மாறிப் போகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். லிஸ்பனின் கைஸ் டோ சோட்ரே நிலையத்தில் ஏறி அமர்ந்தால், ஆற்று முகத்தையும் பின்னர் கடலையும் பார்த்தபடியே சுமார் 40 நிமிடத்தில் கடலோர ஊரான கஷ்காயிஷ் போய்ச் சேரலாம். வண்டி மாற வேண்டியதில்லை. வழியிலேயே பல கடற்கரைகளில் இறங்கவும் செய்யலாம். அதனால் லிஸ்பனில் மையத்தில் தங்குவது நியாயமான தேர்வே. லாஸ் ஏஞ்சலிஸிலும் 2016 முதல் நகர மையத்திலிருந்து கடலோரத்திலுள்ள சான்டா மோனிகாவுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. ஆனால் பயணம் ஏறத்தாழ 50 நிமிடம் எடுக்கும் என்பதால், ஒரு நாள் போய்வர ஏற்றதே தவிர, காலையும் மாலையும் போய்வர ஏற்றதன்று.

சிட்னியைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். அங்கே கடல் வேண்டும் என்பவர் முன் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: பாண்டை, மேன்லி. வரைபடத்தில் பாண்டைதான் மையத்துக்கு நெருக்கம். ஆனால் அந்தக் கடற்கரை வரை ரயில் கிடையாது. பாண்டை ஜங்ஷன் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், கோடைக்கால வார இறுதிகளில் அந்தப் பேருந்து நிரம்பி வழியும். மேன்லிக்கோ சர்குலர் கீ துறையிலிருந்து நேராகப் படகு செல்கிறது. துறைமுகத்தின் நீர்ப்பரப்பைக் கடந்து சுமார் 30 நிமிடம் செல்லும் அந்தப் பயணமே ஓய்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இறங்கியதும் ஒரு குறுகிய கடைத்தெருவில் சில நிமிடம் நடந்தால் மறுபுறம் பெருங்கடல் விரிகிறது. அலைக்கு அஞ்சும் குழந்தைகளுக்குத் துறைமுகப் பக்கத்தில் அமைதியான நீர், அலையை விரும்புவோருக்குக் கடல் பக்கத்தில் பெரிய அலை என்று இரண்டும் ஒரே நடைதூரத்தில் கிடைப்பது எந்தப் பெருநகரத்திலும் அரிது. பெரிய அலையெழும் நாட்களில் படகுச் சேவை நிறுத்தப்படுவதுண்டு என்பது மட்டுமே இதிலுள்ள குறை. பாண்டையின் பலம் வேறு: அங்கிருந்து கூஜி வரை பாறை விளிம்பையொட்டிச் செல்லும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடைபாதை, நடக்கப் பிடித்தவர்களுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதின் மகிழ்ச்சியைத் தரும். ஆயினும் ஓய்வையே முதன்மையாகக் கருதினால் நான் மேன்லியைத்தான் சொல்வேன்.

இனி முகப்புத் தெருவைப் பார்ப்போம். படுக்கையில் இருந்தபடியே கடலைப் பார்ப்பது பேரின்பம்தான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெருநகரத்தின் முகப்புத் தெரு பெரும்பாலும் அந்நகரத்தின் பெரிய போக்குவரத்துச் சாலைகளில் ஒன்றாகவும் இருக்கிறது. கோபகபானாவிலும் பிரான்சின் நீஸ் நகரத்தின் புகழ்பெற்ற கடலோர நடைபாதையிலும் விடுதிக்கும் கடலுக்கும் நடுவே பல வரிசை வாகனங்கள் ஓடுகின்றன. அலையோசையைக் கேட்டு உறங்கலாம் என்று நம்பிப் போகிறவர் வண்டிகளின் ஓசையையும் நள்ளிரவு தாண்டிய மதுக்கூடங்களின் இசையையும் கேட்க நேரலாம். ரியோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் பக்கத்துப் பாதையில் வாகனங்களைத் தடுத்து மக்கள் நடக்க விடுகிறார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் அந்த அமைதி கிடையாது. முன்பதிவு செய்யும்போது சொற்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். கடலைப் பார்த்த அறை என்பதும் கடல் தெரியும் அறை என்பதும் ஒன்றல்ல. பின்னது, மாடத்தின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் ஒரு நீலக் கீற்று தெரியும் அறையாகவும் இருக்கலாம்.

கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதை மிகச் சிலரே விசாரிக்கிறார்கள். கிழக்கு நோக்கிய கரையில் சூரிய உதயம் கண்முன்னே நிகழும்; ஆனால் கரையோரம் உயர்ந்த கட்டடங்கள் இருந்தால் பிற்பகலில் அவற்றின் நிழல் மணலில் விழுந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரத்தில் உள்ள சர்ஃபர்ஸ் பாரடைஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாலை வெயிலில் கிடந்து குளிர்காய விரும்புகிறவருக்கு அது ஏமாற்றம். வெயில் ஆகாதவருக்கும் குழந்தைகளுக்கும் அதே நிழல் வரம். மேற்கு நோக்கிய கரை மறைவுச் சூரியனைத் தரும். கூடவே பிற்பகல் முழுவதும் அறையைச் சூடாக்கவும் செய்யும்.

திசையும் காற்றும் எவ்வளவு தூரம் ஒரு விடுமுறையை மாற்றக்கூடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்தான் சிறந்த பாடம். அங்கே மலை ஒன்றின் இருபுறமும் இரண்டு வேறு கடல்கள் இருப்பதுபோல் தோன்றும். கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் ஆகியவை மேற்கே அட்லாண்டிக் பக்கம் உள்ளன. வெண்மணலும் சூரிய மறைவும் கண்ணைப் பறிக்கும், ஆனால் நீர் எலும்பைக் குடையும் குளிர். கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலே வருகிறது. அதனால் நல்ல கோடையிலேயே அந்தப் பக்கம் நீர் மிகக் குளிர்ந்து கிடப்பதுண்டு. தென்கிழக்கே ஃபால்ஸ் பே பக்கம் உள்ள மியூசன்பர்க்கில் நீர் தெளிவாக வெதுவெதுப்பு. ஆனால் அதே தென்கிழக்குக் காற்று அங்கே நேராக முகத்தில் அறையும். கிளிஃப்டனோ மலையின் மறைவில் ஒதுங்கியிருப்பதால் அந்தக் காற்றிலிருந்து பெரிதும் தப்பிவிடுகிறது. ஆகவே கரையில் அமைதியாக அமர்ந்து மாலையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் கிளிஃப்டன் பக்கமும், நீரில் இறங்கி நெடுநேரம் இருப்பதே நோக்கம் என்றால் மியூசன்பர்க் பக்கமும் தங்க வேண்டும். நீந்துவது யார், அமர்ந்திருப்பது யார் என்று குடும்பத்துக்குள் பேசிவிட்டு அறை எடுத்தால் பின்னர் மனத்தாங்கல் வராது.

நான்கு வழிகளில் என் மனம் சாய்வது மூன்றாவதன் பக்கம். கடலிலிருந்து நான்கைந்து தெருக்கள் தள்ளிய குடியிருப்புப் பகுதியில் கடல் இன்னும் நடைதூரத்தில்தான் இருக்கிறது. இரவில் சத்தம் குறைகிறது. மருந்துக் கடை, சலவை நிலையம், ரொட்டிக் கடை போன்றவை உள்ளூர் மக்களுக்காகவே இயங்குகின்றன. உப்பும் மணலும் ஏறிய துணிகளை நான்காம் நாள் எங்கே துவைப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் குழந்தைகளுடன் ஒரு வாரம் தங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பார்சலோனாவில் பார்சலோனெட்டாவின் நெரிசலைத் தவிர்த்து, கரையோரமாகவே சற்று வடகிழக்கில் உள்ள போப்லெனோவில் தங்குவது இத்தகைய தேர்வு. ரியோவில் முகப்புச் சாலையை விட்டு இரண்டு மூன்று தெருக்கள் உள்ளே வந்தாலே மெட்ரோ அருகாகிவிடும்.

இப்படிப்பட்ட பகுதிகளில் விடுதிகளைவிட வாடகைக் குடியிருப்புகளே அதிகம் என்பதால் ஓர் எச்சரிக்கை அவசியம். பயணிகளுக்கு வீடுகளைக் குறுகிய காலத்துக்கு விடுவதால் தங்கள் வாடகை உயர்கிறது, உறக்கம் கெடுகிறது என்று பார்சலோனெட்டா மக்கள் 2014-இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பயணிகள் குடியிருப்புகளுக்கான உரிமங்கள் அனைத்தையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்த நகர நிர்வாகம் 2024-இல் அறிவித்தது. உரிம எண் குறிப்பிடப்படாத வீட்டை எடுப்பது, வாசலில் வந்து நிற்கும்போது தங்க இடமில்லாமல் போகும் ஆபத்தை நாமே விலைக்கு வாங்குவதாகும். சட்டத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு: நாம் ஓய்வெடுக்கும் அந்தச் சுவருக்கு அப்பால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். இரவு பத்து மணிக்குப் பின் பேச்சைத் தணித்துக்கொள்ள முடியாத பெரிய குழுவாகப் போகிறவர்கள் விடுதியிலேயே தங்குவது நல்லது.

நகர மையம் யாருக்கு ஏற்றது? மூன்று நான்கு நாட்களே இருப்பவருக்கும், கடலில் இறங்குவதைவிடக் கடலோரம் நடப்பதே போதும் என்பவருக்கும், குளிர்காலத்தில் போகிறவருக்கும் மையமே மேல். காலத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தியை நினைவில் வைத்தால் போதும்: கடல் நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிர்கிறது. மத்தியதரைக் கடலோர நகரங்களில் ஜூன் மாதத்தைவிடச் செப்டம்பரில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். பள்ளி விடுமுறைக் கூட்டமும் அப்போது கலைந்திருக்கும். தென் கலிபோர்னியாவில் மே, ஜூன் மாதங்களில் கடலிலிருந்து எழும் தாழ்மேகம் நண்பகல் வரைகூடக் கரையை மூடியிருப்பதுண்டு, எனவே சான்டா மோனிகாவில் கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் வாடகை தருவதற்கு அது ஏற்ற காலமன்று. மயாமியில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. அந்த மாதங்களில் போகிறவர் இரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவையே எடுக்க வேண்டும்.

கடலோரத்தில் தங்கினாலும் நகரத்தின் காட்சிகளை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்குத் தேதி குறித்து அட்டவணை போடக் கூடாது என்பேன். பெருநகரத்தில் பலத்த மழை பெய்தால் தெருக்களின் அழுக்கெல்லாம் வடிகால் வழியாகக் கடலில் கலக்கிறது. சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பலத்த மழைக்குப் பின் பெருங்கடல் கரைகளில் ஒரு நாளும் துறைமுக நீரில் மூன்று நாட்களும் நீந்த வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலும் மழைக்குப் பின் 72 மணி நேரம் நீரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அருங்காட்சியகத்தையும் கடைத்தெருவையும் இந்த நாட்களுக்கென்றே கையிருப்பாக வைத்திருந்தால், மழை விடுமுறையைக் கெடுக்கவும் செய்யாது, வெயில் நாளை நான்கு சுவருக்குள் வீணாக்கவும் நேராது.

குழந்தைகளும் முதியவர்களும் உடன் வரும் குடும்பத்துக்கு, எல்லா ஒப்பீடுகளுக்கும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் கரை, உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் கரையாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியக் கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும் நீந்தச் சொல்வதன் காரணம், அவற்றுக்கு அப்பால் ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் இருக்கலாம் என்பதே. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் நீர்ப்பட்டைதான் பல நேரங்களில் அந்த ஓட்டத்தின் பாதை. பழக்கமில்லாதவர் அதையே பாதுகாப்பான இடமென்று நினைத்து இறங்கிவிடுவார். கால் வலிக்கும் பெரியவர்களுக்கு, கடல் அருகில் இருந்தும் நடுவே செங்குத்துப் படிகள் இருந்தால் அந்த அருகாமையால் பயனில்லை. கிளிஃப்டன் கரைக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டுகள் இதற்குச் சான்று. நீஸ் போன்ற கூழாங்கல் கரையும் அவர்களின் பாதங்களுக்குச் சிரமம் தரும்.

ஒரு வாரமோ அதற்கு மேலோ இருப்பவர்கள் நான்காவது வழியை, அதாவது நாட்களைப் பிரித்துத் தங்குவதை, தாராளமாக எண்ணிப் பார்க்கலாம். பெட்டியைக் கட்டி ஒருமுறை இடம் மாறுவதில் அரை நாள் போய்விடும் என்பதால் ஐந்து இரவுகளுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிப்பதானால் மையம் முதலிலும் கடல் பின்னரும் வர வேண்டும். வந்திறங்கிய முதல் இரண்டு நாட்களில் புதிய ஊரைப் பார்க்கும் ஆர்வம் மிகுந்திருக்கும், அதை மையத்தில் தீர்த்துக்கொண்டால் கடலோரத்துக்கு வரும்போது எதையும் தவறவிடுகிறோமோ என்ற பதற்றம் இருக்காது. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது கடைசி நாள் மட்டுமே. அறையைக் காலையிலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கும், விமானமோ இரவில் இருக்கும். ஆகவே பெட்டிகளை மாலை வரை வைத்துக்கொள்வார்களா, நீந்தி வந்தபின் குளித்து உடைமாற்ற இடம் தருவார்களா என்ற இரண்டையும் கடலோர விடுதியிடம் முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டால், புறப்படும் நாளிலும் ஒரு முழுக் காலைப்பொழுது கடலோடு கழியும்.